பிரிக்காத இரண்டாவது பெட்டி

2024 ஆகஸ்ட் 22, வியாழக்கிழமை. காலை 5.10க்கு எழுந்தேன். பால் 5.40க்கு வந்தது. இட்லி, காரச் சட்னி. கணவர் 7.15க்குத் துறைமுக வேலைக்குக் கிளம்பினார். 8.05க்கு வீட்டைப் பூட்டினேன். நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றதால் ஷேர் ஆட்டோ விம்கோ நகர் வந்து சேர இருபத்தெட்டு நிமிடம் ஆயிற்று. 8.50க்கு ஆய்வகத்தில் கையெழுத்து. திரவ நைட்ரஜன் கலனுக்குள் அளவுகோலை விட்டுப் பார்த்தேன்: பதினேழு சென்டிமீட்டர். இன்குபேட்டர் முப்பத்தேழு டிகிரி. உள்ளே நேற்று நான் வைத்த பிளேட் இருந்தது. உள்கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு நோட்டில் குறித்தேன்.

அன்று பிற்பகல் என் அக்கா ஆய்வகத்துக்கு வருவதாக இருந்தது. பதினெட்டு வருடமாக நான் வேலை பார்க்கும் இடம். அவள் வாசல் வரைகூட வந்ததில்லை.

எங்கள் வேலையை அக்காவுக்கு எப்படிச் சொன்னேனோ அப்படியே இங்கும் எழுதுகிறேன். விரல் நீளத்தில் ஒரு குப்பி. அதற்குள் உறைந்த செல்கள். பல வருடங்களுக்கு முன் வேறு ஒரு நாட்டில் மார்பகப் புற்றுநோய் வந்த ஒரு பெண்ணின் உடம்பிலிருந்து எடுத்து வளர்த்தவை என்று கூடவே வரும் தாளில் போட்டிருக்கும். அவளைப் பற்றி வேறெதுவும் இருக்காது. பெண்களுக்கு ஊறும் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ள அந்தச் செல்களில் ஒரு ஏற்பி உண்டு. பூட்டு மாதிரி. ஹார்மோன்தான் சாவி. விஞ்ஞானிகள் அந்தப் பூட்டுடன் மின்மினிப் பூச்சியின் ஒளி தரும் ஒரு சிறு பகுதியையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். சாவி பூட்டுக்குள் விழுந்தால் மறுநாள் செல் ஒளிரும். எவ்வளவு ஒளிர்கிறது என்று ஒரு கருவி அளந்து எண்ணாகச் சொல்லும். பிளாஸ்டிக் டப்பா செய்கிறவர்கள் எங்களிடம் மாதிரி அனுப்புவார்கள். அவர்கள் டப்பாவிலிருந்து ஹார்மோன் போல நடந்துகொள்ளும் ஏதாவது கசிந்தால், இந்தச் செல்கள் காட்டிக் கொடுத்துவிடும்.

நான்கு வாரத்துக்கு ஒரு குப்பி எடுப்போம். ஒரு குப்பிக்கு ஒரு பிளேட், ஒரு பிளேட்டில் தொண்ணூற்றாறு குழிகள். உருக்கிய செல்களைத் திரும்ப உறையவைக்க முடியாது. அன்றே பயன்படுத்த வேண்டும், இல்லையென்றால் கொட்ட வேண்டும்.

அக்காவுக்கு ஐம்பத்தைந்து வயது. என்னைவிட நான்கு வயது மூத்தவள். விடிவதற்கு முன் காசிமேட்டில் மீன் எடுத்து, ஆறு மணிக்குத் திருவொற்றியூர் மார்க்கெட்டில் உட்கார்ந்துவிடுவாள். 2021 ஜனவரியில் அவளுக்கு இடது மார்பில் அறுவை நடந்தது. அறிக்கையை ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று முதலில் வாசித்தவள் நான்தான். மூன்றாவது வரியில் ஹார்மோன் ஏற்பி இருப்பதாகப் போட்டிருந்தது. வருடக்கணக்காகப் பிளேட்டில் நான் கையாண்ட அதே சொல். அன்று அதை முதல்முறை பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தப் பூட்டில் சாவி விழாமல் அடைத்துவைக்கும் மாத்திரை ஒன்றை டாக்டர் எழுதினார். இரவுக்கு ஒன்று. நோய் திரும்பி வராமல் இருக்க ஐந்து வருடம் நிறுத்தாமல் போட வேண்டும். மாதம் ஒன்றாம் தேதி, பத்து மாத்திரை கொண்ட அட்டை மூன்று வாங்கிப்போய்க் கொடுப்பது என் பொறுப்பு.

ஆகஸ்ட் 18, ஞாயிறு மாலை அக்கா வீட்டுக்குப் போனேன். அலமாரியில் சீப்பு எடுக்கப் போனபோது அட்டைகள் கண்ணில் பட்டன. பதின்மூன்று மாத்திரைகள் மீதி இருக்க வேண்டும். இருபத்திரண்டு இருந்தன.

"எண்ணிட்டியா? போலீஸ்காரி," என்றாள் அக்கா, சுவரில் சாய்ந்தபடி.

"ஒம்போது நாளு போடல."

"அத போட்டா உள்ள அடுப்பு எரியுதுடி பாப்பா. முன்னாடி ஐஸு, தலைக்கு மேல வெயிலு, உள்ள அடுப்பு. எவளாவது வந்து வஞ்சிரம் இன்னா வெலன்னு கேட்டா, எனக்கு வஞ்சிரத்துக்குப் பக்கத்துல நானும் படுத்துக்கலாம்னு தோணுது."

எனக்கு ஐம்பத்தொன்று. இன்னும் அவளுக்கு நான் பாப்பாதான்.

"டாக்டருகிட்ட சொன்னியா?"

"அவரு தலைய தூக்கினாத்தான சொல்றது. மூணு வருசத்துக்கு மேல முழுங்கிகினு கீறேன். அது உள்ள போயி வேல செய்துன்னு யாரு பாத்தா? நீ பாத்தியா?"

"பாத்திருக்கேன்," என்றேன்.

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இன்னா சொல்றே?"

அப்போதுதான் மேலே எழுதிய எல்லாவற்றையும் சொன்னேன். அந்த மருந்தை எங்கள் ஆய்வகத்திலும் வைத்திருக்கிறோம், செல்கள் சரியாக நடந்துகொள்கின்றனவா என்று சோதிக்க வருடத்துக்கு ஒரு முறை அதைப் பயன்படுத்துவோம், அதை வைத்தால் வெளிச்சம் இறங்கிவிடும் என்றும் சொன்னேன்.

"பொம்பள ஒடம்புல மின்மினியா?" என்று ஒரு நிமிடம் சிரித்தாள். பிறகு, "அப்போ எனக்கும் காட்டு. கண்ணால பாத்தா முழுங்கறேன். இல்லன்னா வுட்டுடு, நா நிம்மதியா மீனு வித்துகினு போறேன்."

திங்கட்கிழமை காலை எங்கள் ஆய்வகப் பொறுப்பாளரிடம் கேட்டேன். என் மகன் வயதுதான் அவருக்கு. இந்த மாதம் வாடிக்கையாளர் மாதிரிகளுக்கு எண்பத்துநான்கு குழிகள் போதும். பன்னிரண்டு குழிகள் சும்மா இருக்கும்.

"காலியாத்தானே மேடம் கெடக்கப் போகுது. போடுங்க. அக்காவையும் கூட்டிட்டு வாங்க. ரிஜிஸ்டர்ல மட்டும் எழுதிடுங்க."

"எழுதாம இருப்பேனா சார்?"

"அதுவும் சரிதான்," என்றார்.

புதன்கிழமை காலை குப்பியை உருக்கினேன். பன்னிரண்டு குழிகளை நந்நான்காகப் பிரித்தேன். முதல் நான்கில் வெறும் கரைப்பான். அடுத்த நான்கில் ஹார்மோன். கடைசி நான்கில் ஹார்மோனும், அதோடு அடைக்கும் மருந்தும். எங்கள் படிவத்தில் ஒவ்வொரு குழிக்கும் ஒரு கட்டம் உண்டு. குழியில் வைத்ததும் கட்டத்தில் டிக் போட வேண்டும். அந்தப் படிவத்தைக் கோடு போட்டு உருவாக்கியவள் நான். பதினொரு வருடத்தில் ஒரு குழியும் விடுபட்டதில்லை. புதன்கிழமையும் தொண்ணூற்றாறு கட்டங்களிலும் டிக் இருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் இன்குபேட்டர் கதவை மூடினேன்.

வியாழன் பிற்பகல் 2.20க்கு அக்கா வந்தாள். தலைக்குக் குளித்து, கல்யாணத்துக்கு மட்டும் கட்டும் ஊதாப் புடவை கட்டி, கழுத்து வரை பவுடர் போட்டிருந்தாள்.

"இன்னாக்கா இது, பொண்ணு பாக்கவா வந்தே?"

"மீனு வாசனைக்கு உன் செல்லுங்க செத்துகித்து வெச்சா? அதான் ரெண்டு தபா சோப்பு போட்டேன்."

வெள்ளைக் கோட்டு ஒன்று கொடுத்தேன். போட்டுக்கொண்டு, இடது பக்கத்தை மட்டும் ஒருமுறை இழுத்துச் சரிசெய்தாள். முதலில் நைட்ரஜன் கலனின் மூடியைத் திறந்து காட்டினேன். வெள்ளைப் புகை வழிந்து தரையில் பரவியது. அக்கா பயப்படவில்லை. குனிந்து பார்த்தாள்.

"இது இன்னா ஐஸு?"

"ஐஸ விட ரொம்ப ஜாஸ்தி குளிரு. கைய வெச்சா கை போயிடும்."

"எங்க ஐஸ்காரனுக்கு இத காட்டணும். அவன் குடுக்கறது பத்து மணிக்கே தண்ணியாப் பூடுது. ஆமா, ஒரு தபா எறங்கிட்டா திரும்பி இதுல போடலாமா?"

"கூடாது."

"அதான பாத்தேன். மீனும் அப்டித்தான். எறங்குனத திரும்பி ஐஸ்ல போட்டா சதை மாவாப் பூடும். கல்லு மாரி இருக்கும், அறுத்தா தெரிஞ்சுடும்."

நான் இதைப் புதிதாகச் சேரும் பட்டதாரிகளுக்கு அரை நாள் சொல்லித் தருகிறேன்.

2.45க்குப் பிளேட்டில் ஒளி தரும் திரவத்தை ஊற்றி, கருவிக்குள் வைத்தேன். அக்கா கருவியின் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தொற. வெளிச்சத்த பாக்கணும்."

"தொறந்தா ஒன்னும் தெரியாதுக்கா. அவ்ளோ கம்மி வெளிச்சம். மெஷினுக்குத்தான் தெரியும்."

"கடல்ல சில நாளு அலை நீலமா மின்னுமே, அது மாரி இருக்கும்னு நெனச்சிகினு வந்தேன்டி. இதுக்கா இந்தப் பொடவ கட்டினேன்?"

அவள் முகம் விழுந்தது. நல்லவேளை, திரையில் எண்கள் வரத் தொடங்கின. எண்களை வாசிப்பதில் அக்காவுக்கு என்னைவிட வேகம். விரல் வைத்துக் காட்டினேன். வெறும் கரைப்பானோடு சும்மா விட்ட குழிகளில் இருநூற்றுச் சொச்சம். ஹார்மோன் வைத்தவற்றில் பதினெட்டாயிரத்துக்கு மேல். மருந்தும் வைத்தவற்றில் நூற்றுத் தொண்ணூறு.

"பதினெட்டாயிரத்த நூத்தித் தொண்ணூறு ஆக்கிடுச்சா?"

"ஆமா."

"என் மாத்திரையா?"

"அதே மருந்து. உன் ஒடம்புக்குள்ள இதே கணக்குல நடக்குதுன்னு சொல்ல முடியாது. ஆனா அதோட வேல இதான்."

அக்கா நான்கு எண்களையும் ஒவ்வொன்றாக மறுபடி வாசித்தாள். 188, 193, 190, 191. பிறகு வேறு எதையோ நினைத்துக்கொண்டவள் போல, "இந்த செல்லுக்கு சொந்தக்காரி இன்னா ஆனா?" என்றாள்.

"தெரியாதுக்கா. ரொம்ப வருசம் முன்னாடி. இருக்க மாட்டாங்க."

"அவளுக்கு இந்த மாத்திர கெடச்சுதா?"

"அதுவும் தெரியாது."

"பாவம்," என்றாள். "போன பின்னாடியும் வேல செஞ்சிகினே கீறா." கோட்டைக் கழற்றி மடித்து நாற்காலி மேல் வைத்தாள். வாசலில் செருப்பு மாட்டும்போது, "இன்னிலேந்து போடறேன். அந்த டாக்டருகிட்ட அடுப்பு விசயத்த நீ கூட வந்து சொல்லணும்," என்றாள். வருகிறேன் என்றேன். தேதி அங்கேயே நிச்சயம் செய்தோம்.

மாலை 5.35. ரிஜிஸ்டரில் அந்த வாரம் செலவான பொருள்களை எழுத உட்கார்ந்தேன். மருந்தோ ஹார்மோனோ மாதிரியோ, ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் புது டிப் மாட்டுவோம். விரல் நகம் நீளத்தில் கூம்பாக ஒரு பிளாஸ்டிக் முனை. ஒரு பெட்டியில் தொண்ணூற்றாறு. புதன்கிழமைக் கணக்கை எழுதினேன். தொண்ணூற்றிரண்டு குழிகளுக்கு ஒரு முறை, தொண்ணூற்றிரண்டு டிப். கடைசி நான்கு குழிகளுக்கு ஹார்மோனுக்கு ஒன்று, மருந்துக்கு ஒன்று, ஆக எட்டு. மொத்தம் நூறு. ஒரு பெட்டி முடிந்து இரண்டாவது பெட்டியைப் பிரித்திருக்க வேண்டும்.

இரண்டாவது பெட்டி அலமாரியில் மேல்தாள் கிழியாமல் இருந்தது.

வேறு யாராவது பெட்டி எடுத்து வைத்தார்களா என்று கேட்டேன். இல்லை. கழிவுத் தொட்டியில் காலிப் பெட்டி ஒன்றுதான். படிவத்தை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு குழிக்கும் ஒரு கட்டம், ஒரு டிக். ஒரு குழியில் ஒரு முறை வைத்ததும் டிக் போட்டு அடுத்த குழிக்குப் போவது என் கைக்குப் பதினொரு வருடப் பழக்கம். கடைசி நான்கு குழிகளிலும் மருந்தை வைத்தேன், டிக் போட்டேன், போய்விட்டேன். ஹார்மோன் வைக்கவே இல்லை.

சாவியே போடாத பூட்டு. அது திறக்காததை அக்காவிடம் மாத்திரையின் சாமர்த்தியம் என்று காட்டியிருக்கிறேன். எண்களைப் பார்த்தபோதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். ஹார்மோன் இருந்து மருந்து தடுத்திருந்தால் இவ்வளவு சுத்தமாக இறங்காது. சும்மா விட்ட குழியைவிடக் கொஞ்சமாவது மேலே நிற்கும். அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததில் எண்ணைச் சரியாகப் பார்க்கவில்லை.

வாடிக்கையாளர் குழிகளில் ஒரு முறைதான் வைக்க வேண்டும், அவற்றுக்குப் பாதகமில்லை. குறிப்புப் பத்தியில் என் பிழையை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். 6.10.

இரவு 8.10க்கு அக்கா போன் செய்தாள். "போட்டுட்டேன்டி. தண்ணி குடிக்கறது கேக்குதா?" கேட்டது. நான், "சரிக்கா," என்று மட்டும் சொன்னேன்.

கணவரிடம் சொன்னேன். தட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"மருந்து வேல செய்யுமா செய்யாதா?"

"செய்யும். நானே வேற நாள்ல பாத்திருக்கேன்."

"அப்புறம் இன்னா? அவங்க முழுங்கிட்டாங்க. வுடேன். இப்போ போயி இன்னிக்கு காட்டினது தப்புன்னா, நாளைக்கு மாத்திரையே தப்புன்னுவாங்க. உங்க அக்காதான, எனக்குத் தெரியாதா?"

அவர் சொன்னதில் ஒரு சொல்லையும் என்னால் மறுக்க முடியவில்லை. சொன்னால் அவள் நிறுத்தக்கூடும். நிறுத்தினால் என்ன ஆகலாம் என்று எங்கள் வீட்டில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. ஆனால் அவள் கேட்டது என் வாக்கை இல்லை. கண்ணால் பார்க்க வேண்டும் என்றாள். நான் இன்னும் எதையும் காட்டவில்லை. நோட்டில் இரண்டு பக்கத்தையும் எழுதிப் பார்த்தேன். அவர் பக்கத்தில் ஏழு வரி வந்தது. என் பக்கத்தில் இரண்டே வரி. 9.20க்கு நோட்டை மூடினேன்.

ஆகஸ்ட் 23, வெள்ளிக்கிழமை. பால் வரும்வரை காத்திருக்கவில்லை. முதல் வேலையாக மார்க்கெட்டுக்குப் போனேன். 6.25. அக்கா கூடையிலிருந்து நெத்திலியைப் பலகையில் கொட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நண்டு விற்கும் அம்மா என்னைப் பார்த்ததும், "இன்னா லேப்பு மேடம், வெள்ளிக்கெழமையில மீனு கேக்குதா?" என்றாள்.

நான் அக்காவின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தேன். பெட்டி, டிப், கட்டம், டிக் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவள் மீனைப் பரப்புவதை நிறுத்தவில்லை.

"அப்போ நேத்து காட்டினது டுபாக்கூரு."

"ஆமா."

"மாத்திர டுபாக்கூரா, நீ காட்டினது டுபாக்கூரா?"

"நான் காட்டினது."

"நீ சொல்லாம வுட்டிருந்தா எனக்கு தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காது."

அக்கா ஒரு நெத்திலியை எடுத்து வயிற்றை அழுத்திப் பார்த்து, தனியே போட்டாள்.

"இன்னிக்கு திரும்பி செஞ்சி காட்ட முடியாதா?"

"உருக்கின செல்லு..."

"தெரியும், தெரியும். எறங்கிடுச்சு." கையை உதறினாள். "அடுத்த பாட்டிலு என்னிக்கு?"

"செப்டம்பர் பதினெட்டு. காலியா குழி இருக்கும். கேட்டு வைக்கிறேன். மறுநாள் எண்ணு வரும்."

"அது வரிக்கும் போடறேன். ஆனா அன்னிக்கு நீ ஊத்தும்போது நா பக்கத்துல நிப்பேன்."

"நின்னு இன்னா செய்வே?"

"எண்ணுவேன். நீ டிக்கு போட்டுகினு போயிடுவே. நா நூறு வரிக்கும் எண்ணுவேன்." நண்டு அம்மாவின் பக்கம் திரும்பினாள். "பாத்தியாக்கா, இதுக்கு ஒழுங்கா எண்ணத் தெரில. இத நம்பி வெள்ளக் கோட்டு குடுத்திருக்கானுங்க."

"உன்ன நம்பி ஐஸு குடுக்கல?" என்றாள் அந்த அம்மா.

அக்கா சிரித்தாள். கோணிக்குள் இருந்த ஐஸ் கட்டியையும் அடிக்கும் கட்டையையும் என் பக்கம் தள்ளினாள். "வந்ததுதான் வந்தே. இத ஒட. சின்னதா ஒட, இல்லன்னா மீன குத்தும்."

உடைத்தேன். அவள் மீனைத் தூக்கத் தூக்க, அடியில் ஐஸைப் பரப்பினேன். 6.50க்கு முதல் ஆள் வந்து நெத்திலி என்ன விலை என்று கேட்டார்.